மூன்று புள்ளி ஏழு ஐந்து

நூறு மில்லியில் மூன்று புள்ளி ஏழு ஐந்து கிராம்
அசிட்டிக் அமிலம் இருந்தால் அது வினிகர்.
குறைந்தால்
அது என்னவென்று விதி சொல்லவில்லை.
அந்தச் சொல்லாத இடத்தில்
பெர்னதெத் பதினெட்டு ஜாடிகளை
அடுக்கி வைத்திருந்தாள்.

கேத்தியில் ஜனவரி.
கேரட் பாத்திகளின் மேல்
கல்லுப்பை இறைத்ததுபோல் உறைபனி.
ஜீப் கண்ணாடியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டியபடி
டிரைவர் போஜன் சொன்னான்:
"இந்தக் குளிர்ல தயிரே தோயாது சார்,
இவங்க சரக்கு எப்படிப் புளிக்கும்?"

போன மே மாதத்துப் பிளம்ஸ்.
நசுக்கி, வடிகட்டாமல் விட்டு,
பொங்கி அடங்கி,
நடுவில் சில வாரங்கள்
வேறொரு துறை வந்து பார்க்கவேண்டிய பொருளாக இருந்து,
(நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை)
இப்போது மேலே ஆடை கட்டி
ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

பியூரெட்டை ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
ரோஜா நிறம் வந்தால் நிறுத்தவேண்டும்.
ஏற்கெனவே சிவப்பாக இருப்பதில்
ரோஜாவை எங்கே போய்த் தேடுவது?
தண்ணீர் ஊற்றி வெளுக்கவைத்து
மூன்று முறை பார்த்தேன்.
மூன்று புள்ளி ஆறு.
மூன்று புள்ளி ஆறு.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்
மூன்று புள்ளி ஆறு ஐந்து.

"வினிகர்னு போடக்கூடாதுன்னா
காடின்னு போட்டுக்கறேன்."
இரண்டும் ஒன்றுதானம்மா,
காடி அதன் தமிழ்ப் பெயர் என்றேன்.
"அப்ப தமிழ்ல எத்தனை பர்சன்ட் வேணும்?"

பதில் தெரியாதபோது
படிவத்தை எடுப்பது எங்கள் வழக்கம்.
தயாரித்த தேதி என்ற கட்டம்
காலியாக இருப்பதைக் காட்டினேன்.
அவள் பேனாவைத் திறந்து, மூடி,
"எதைப் போடறது?
பழம் நசுக்கின நாளா?
மூடியைத் திறந்ததும்
தும்மல் வந்த நாளா?
நீங்க சொல்ற கோட்டை
அது தாண்டப்போற நாளா?"

ஏதாவது ஒன்று போடுங்கள் என்றேன்.
சேர்க்கைக்கு வசதியாக
ஜூன் ஒன்று என்று
தலைமையாசிரியர் எழுதிவைத்த நாளில்
ஐம்பத்து மூன்று வருடமாகப்
பிறந்துகொண்டிருப்பவன் நான்.

அன்று மாலை குன்னூர் மார்க்கெட்.
மொத்தக்கடையில் இரண்டாம் தட்டில்
கண்ணீர்போல் தெளிவாக ஒரு பாட்டில்.
நான்கு புள்ளி ஒன்று, குறையே இல்லை.
முகப்பில் ஒரு கொத்துத் திராட்சையும் ஆப்பிளும்.
விலை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன்.
அடியில் இருந்தது 'செயற்கை',
குளிருக்குப் போர்த்திக்கொண்டதுபோல.
ஸ்கேல் வைத்து எழுத்தின் உயரம் அளந்தேன்.
போஜன் டார்ச் பிடித்தான்.
கடைக்காரர் டீ சொன்னார்.
நோட்டீஸ் எழுதிவிட்டு
டீக்குக் காசு கொடுத்தேன்.
அவர் முகம் சட்டென்று
மூன்று புள்ளி ஏழு ஐந்தைத் தாண்டியது.

பெர்னதெத்தின் மாதிரியை நான்காகப் பிரித்து,
அரக்கு வைத்து,
ஒன்றைக் கோவைக்கு அனுப்பினேன்.
பர்லியார் வளைவுகளில் இறங்கி,
கல்லாற்றில் ஸ்வெட்டரைக் கழற்றி,
ஆய்வகத்து மேசையில்
பிப்ரவரி வெயிலில் அது காத்துக்கிடந்திருக்கிறது.
அறிக்கை ஒரே வரி:
மூன்று புள்ளி எட்டு. வினிகர்.

என் கண் பிசகியிருக்கலாம்.
அவர்கள் கண்ணும்தான்.
அரக்குக்குள் காற்று ஏது,
எப்படி வளரும் என்று
வேதியியல் படித்தவர்கள் கேட்கலாம்.
நானும் அதைத்தான் படித்தேன்.
ஆனாலும் ஒவ்வொரு முறை மலையேறும்போதும்
எந்தக் கொண்டை ஊசி வளைவில்
அதற்குப் பெயர் வந்திருக்கும் என்று
எண்ணிக்கொண்டே வருகிறேன்.

லேபிள் அச்சாகிவிட்டது.
தயாரித்த இடம்: கேத்தி.
தேதிக் கட்டத்தில்
ஜூன் ஒன்று போட்டிருக்கிறாள்.
என்னைக் கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை;
அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

மாதிரியின் நான்காம் பாகம்
அலுவலக பீரோவில் இருக்கிறது.
அதை உடைக்க எனக்கு அதிகாரமில்லை.
கோப்பு மூன்று புள்ளி எட்டில் மூடப்பட்டது.
பீரோவைத் திறக்கும்போதெல்லாம்
எனக்குத் தும்மல் வருகிறது.