டுலூத்திலிருந்து பதிப்பாசிரியருக்கு

அட்டையில் அரைகுறை ஆடையோடு ஒருத்தி வேண்டுமென்று
மறுபடி எழுதியிருக்கிறீர்கள்.
போடுங்கள். டிசம்பரில் அவளுக்குக் குளிரும், அவ்வளவுதான்.

நிலவறையில் திறந்து மூடும் அந்த ஈரவாய்
என் அடக்கிவைத்த ஆசையாம், உங்கள் விமர்சகர் சொல்கிறார்.
ஐயா, அது பர்பட் மீன்.
ஏரி உறைந்த வாரம் ஆர்விட் பிடித்துவந்து
தொட்டியில் விட்டது.

ஆர்விட் என் கணவன்.
பதினோரு வருடம்; இரண்டு கட்டில், ஒரே காப்பிக் கெட்டில்.
கேட்காமல் இல்லை.
ஒருமுறை கேட்டான். சொன்னேன்.
எழுந்துபோய் அடுப்பில் விறகு வைத்தான்.

என் பயம் வேறு.
திருமணத்தன்று மாமியார் காதோரம் சொன்னது:
"போகப் போக வரும்."

அதைத்தான் எழுதுகிறேன்.
எல்லாக் கதையிலும்
இருட்டில் படியேறி
வந்துகொண்டே இருக்கும் ஒன்று.

மற்றபடி,
அக்டோபர் கதைக்கான பணமும்
இன்னும் வரவில்லை.