போக்குவரவு

தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்டேன்.
முன்னாதாரம் என்று திருத்தினார் தங்கச்சன்,
என் காசில் மூன்றாவது சாயா குடித்தபடி.
கேட்டது பதினொன்று. முடிந்தது ஒன்பதே கால்.
அந்த ஒன்பதே காலில்
திருப்பூரில் பத்தொன்பது வருடம்
பனியனுக்குப் பிசிறு வெட்டிய
என் வலது கட்டைவிரல் இருந்தது.

காந்தல்லூரில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து
முக்கால் மணி நேர இறக்கம்.
எட்டு சென்ட். கல்லுக்கட்டு, தகரக்கூரை.
சுவரில், ஏலியாம்மா மாதா படம் கழற்றிய
வெள்ளைச் சதுரம்.
மகன் பாலாவில் வீடு கட்டிவிட்டானாம்,
முட்டி இனி மலைக்கு ஒத்துக்கொள்ளாதாம்.
சாவி தரும்போது ஒன்றுதான் சொன்னாள்:
"மழையில மேற்கு ஜன்னலை அழுத்திச் சாத்தாதே மோளே,
மரம் ஊதிப்போகும். பின்னே ஏப்ரலில்தான் திறக்கும்."

ரிஜிஸ்தர் ஆபீசில் நீட்டிய தாளில்
ஓவர்லாக் தையல் போல
உருண்டு உருண்டு ஓடியது மலையாளம்.
எங்கே முடிச்சு, எங்கே பிசிறு, தெரியவில்லை.
கையெழுத்தை மட்டும் தமிழில் போட்டேன்.

பெயர் மாற்றத்துக்கு அங்கே போக்குவரவு என்று பெயர்.
பெயருக்கு ஏற்றாற்போல்
போனேன். வந்தேன். போனேன்.
ஆபீசர் லீவு. ஆபீசர் மீட்டிங். சர்வர் இல்லை.
ஒருநாள் வளைவில் ஒற்றை யானை நின்றது,
திரும்பி வந்துவிட்டேன்.
அன்றைக்கு எல்லாம் இருந்ததாம்.

வீடு வாங்கியாயிற்று, தண்ணீர் வாங்கவில்லை
என்பது சித்திரையில்தான் தெரிந்தது.
ஓடைத் தண்ணீர் பத்திரத்தில் ஏறாது.
பதினேழு வீட்டுக்கும் முறை வைத்து விடுபவர் மாடப்பன்.
நோட்டு கிடையாது, மனக்கணக்கு.
ஏலியாம்மா முறை ஏலியாம்மாவோடு போச்சு என்றார்.
"நீங்க இருப்பீங்களான்னு பார்க்கலாம்.
வாங்கினவங்க ரெண்டு போட்டோ எடுப்பாங்க,
பூட்டுப் போட்டுட்டுப் போவாங்க.
பூட்டுக்குத் தண்ணி எதுக்கு?"

குடத்தில் சுமந்தேன்.
ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டு
பதினொரு நாள் வெயிலே இல்லை.
பக்கத்துச் சடையப்பன் அறுத்துப் போட்ட பூண்டு
கொட்டகையில் வியர்க்க ஆரம்பித்தது.
என்னிடம் இரண்டு அறை, ஒரு கட்டில்.
முன்னறையைக் காட்டினேன்.
ராசாமணி பேசாமல் ஏணி தூக்கி வந்தாள்.
உத்தரம் முழுக்கப் பூண்டுக்கொத்து, கீழே கரிச்சட்டி.
மூன்று வாரம்
என் தலைமுடி, தலையணை, கனவு எல்லாம் நாறியது.
புகையை வெளியே விடலாமென்று
ஜன்னலைத் திறந்து திறந்து சாத்தினதில்
ஒருநாள் அழுத்திச் சாத்திவிட்டேன்.

பூண்டு இறங்கிய வாரம்
மாடப்பன் வாசலில் நின்று கூப்பிட்டார்.
"செவ்வாய் ராத்திரி ரெண்டு மணி.
மண்வெட்டி இருக்கா?"

இருந்தது.
இரண்டு மணிக்கு மலையில் நட்சத்திரம் போல
அங்கங்கே டார்ச் நகரும்.
மேல்வயலில் யாரோ இருமினால்
அது ராசாமணியின் இருமல் என்று தெரிகிறது இப்போது.
காட்டுமாடு மூச்சு விட்டால்
அதுவும் தெரிகிறது.

இந்த மாசியில் சடையப்பன் ஒரு காகிதத்தோடு வந்தார்.
மகள் நர்சிங் படிக்க நிலத்தை ஈடு வைக்கிறார்,
எழுதியிருப்பதைக் கொஞ்சம் பாரேன் என்றார்.
பஸ் போர்டு பார்த்துப் பார்த்து
நான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன்.
எல்லைக்கு அங்கே அதிர் என்று பெயர்.
தெற்கே அதிர், ஓடை. கிழக்கே, ரிசர்வ் காடு.
வடக்கே, நடைவழி.
மேற்கே
விரல் வைத்தேன்.
பூ. ங்கோ. த.

ஐகாரம் மலை ஏறும்போது எங்கேயோ உதிர்ந்துவிட்டது.
"தப்பா இருக்கா? மாத்தச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன்,
இன்னொரு போக்குவரவு என்னால் ஆகாது.
அவர் போனபின்
மேற்கு ஜன்னலைத் தோளால் தள்ளிப் பார்த்தேன்.
அசையவில்லை.
ஏப்ரலுக்கு இன்னும் ஆறு வாரம்.