வினைமுற்று

குழித்துறை முன்சீப் கோர்ட்டின் மேற்கு வராந்தாவில்
என் மேசைக்கு மூன்று கால்.
நாலாவது, செங்கல்.
கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தொன்று, கர்க்கடகம்.
ஆற்றில் வாவுபலி.
பிண்டம் வைத்துவிட்டு
பலாக்கன்றோடு திரும்பியவர்கள்
மதிலோரம் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார்
லெப்டினன்ட் ஞானாபரணம்,
மார்த்தாண்டத்துக்காரர். சீருடை இல்லை.
பின்னால் நீரோடியிலிருந்து செபத்தியாள்,
மெழுகுத்துணியில் ஒரு சம்பளச் சீட்டோடு.

கம்பெனிக்குச் சத்தியக் கடிதம் வேண்டும்.
கரி தள்ளும் தாசையன் செத்தான் என்று
கண்ட ஒருவர் சொல்ல வேண்டும்.
இல்லையென்றால் ஏழு வருடம் அவன்
காகிதத்தில் உயிரோடு இருப்பான்,
காசு வராது.

கோர்ட் பாஷை மலையாளம்.
அவர் தமிழில் சொல்லச் சொல்ல
நான் எழுதினேன்.

நாலு வருடம், பதினேழு கான்வாய்.
பம்பாய், ஏடன், கொழும்பு, மறுபடி பம்பாய்.
எண்ணெய், கோதுமை, கோவேறு கழுதை,
ஒரு தடவை கப்பல் முழுக்க பூட்ஸ்.
எங்கள் கப்பல் மணிக்குப் பதினாறு கடல்மைல் ஓடும்.
ஓட விடமாட்டார்கள்.
கூட்டத்தில் எது முடவனோ
அதன் நடைதான் எல்லாருக்கும்.
தாசையனின் கப்பல்தான் அந்த முடவன்.
புகை கக்கி எங்களைக் காட்டிக்கொடுக்கும்.
தினமும் விளக்கடித்து நான்தான் திட்டுவேன்.
அடியில் கரி தள்ளுவது யாரென்று
நினைத்ததில்லை.

மூன்றாம் ஜாமம், டார்பிடோ.
நாலு நிமிடத்தில் கப்பல் இல்லை.
தண்ணீரில் ஆட்கள். தோளில் சிவப்பு விளக்கு,
சிலருக்கு அதுவும் இல்லை.
நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்தது நாங்கள்,
பின்னால் இருபத்தெட்டு கப்பல்.
பிரிட்ஜில் காவல் என்னுடையது.
‘ஏ, கயிறு போடுலே!’
எங்க ஊர்ப் பேச்சு, அந்த இருட்டில்.
நிறுத்தாமல் கடந்து போனேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன்:
நிர்த்தாதெ கடந்நு போயி.

யார் போனது? என்றார்.

இந்த பாஷையில் வினைக்கு வால் கிடையாது சார்.
போனேன், போனோம், போனார்கள், கப்பல் போனது,
எல்லாம் போயி தான்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
சௌகரியமான பாஷை, என்றார்.
பிறகு:
அங்கே ‘ஞான்’ போடும்.

போட்டேன். வரிக்கு மேலே, இடுக்கி.

அதுவரை வாய் திறக்காத செபத்தியாள்
கயிறுன்னா கேட்டீங்க? என்றாள்.
ஆமா.
அவுரு கயிறுன்னு சொல்லமாட்டாரு.
கம்பா.
எங்க துறையில எல்லாருக்கும் கம்பாதான்.

பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
மை சொட்டி ‘ஏடன்’ மேல் விழுந்தது.
மதிலோரம் யாரோ பலாக்கன்றுக்கு
ஒரு சக்கரம் குறைத்துக் கேட்டார்கள்.
அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.
அவள்தான் மெழுகுத்துணியை மடித்து,
திரும்ப விரித்து, திரும்ப மடித்து
கப்பல்ல அஞ்சு வருசம்,
பேச்சு மாறியிருக்கும்,
எழுதிக்கிடுங்க என்றாள்.

கயிறு கேட்டவன் பின்னே யார் என்று
மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

எழுத்துக்கூலி எட்டுச் சக்கரம்.
அவர் ஒரு ரூபாய் வைத்தார்.
நான் சில்லறை பொறுக்குவதற்குள்
அவள் படி இறங்கிவிட்டாள். முழங்கால் வலி போல,
ஆற்றுப்பாலம்வரை நின்று நின்று போனாள்.
அவர் குடையை விரித்துக்கொண்டு பின்னால்,
முந்தாமல், பத்தடி விட்டு,
அவள் நின்ற இடத்திலெல்லாம் நின்று.

சாயங்காலம் விளக்கேற்றி
கம்பெனிக்கு அனுப்பிய நல்ல பிரதியின்
நகலைச் சரிபார்த்தேன்.
தேதி சரி. தொகை சரி. கப்பலின் பெயரும் சரி.
‘ஞான்’
விட்டுப்போயிருந்தது.