கடைசியில் ஓடுபவள்

மார்கழி ஞாயிறு, நாலு முப்பத்தைந்து.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
பால்வண்டிக்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்,
வாரம் தவறாமல்.
அதுதான் எங்களுக்கு மணி.

என்னையும் சேர்த்துப் பதிமூன்று பேர்.
எண்ணுவது என் வேலை.
பகலில் கூட்டுறவு வங்கியில் நோட்டு எண்ணும் விரல்
இருட்டில் தலை எண்ணுகிறது.
எச்சில் தொட வேண்டியதில்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

வேகக்காரர்கள் முன்னால் போகட்டும்.
வழி தெரிந்த மாதேஷ் நடுவில்.
கடைசி ஆளுக்கும் கடைசியாக
முதுகில் சிவப்பு விளக்கு மினுங்க
நான்.
என்னைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.
புதர்ப்பக்கம் ஒதுங்குகிறவர்கூட
சொல்லிவிட்டுத்தான் ஒதுங்க வேண்டும்.
சிரிப்பார்கள். ஆனால் சொல்வார்கள்.

வலப்பக்கம் ஓடுங்கள்,
எதிரில் வருகிறவன் கண்ணில் படுகிற மாதிரி.
இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஓடாதீர்கள்.
ஒரு காதில் பாட்டு இருக்கலாம்,
மறு காது லாரிக்கு.
இதை நான் சொல்லும்போதெல்லாம்
ஜெபசீலன் என் குரலிலேயே உதட்டை அசைத்துக் காட்டுவான்.
பரவாயில்லை,
மனப்பாடம் ஆகிவிட்டது.

போன ஆடியில், கோரிமேடு தாண்டி,
ஒரு மினிவேன் ஷாகிராவின் முழங்கையை
உரசிக்கொண்டு போனது.
ரத்தம்கூட இல்லை.
அவள் ரோட்டோரம் உட்கார்ந்து
தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு
'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றாள்
பத்து நிமிடம்.
அந்த வாரமே
ஒளிரும் பட்டை தைத்த மேல்சட்டை வாங்கினோம், பதிமூன்று.
செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் கேட்டார்,
'எந்த ரோட்டுக்குங்க காண்ட்ராக்ட்?'

அடிவாரம் செக்போஸ்ட். பதிமூன்று.
இரண்டாவது கொண்டை ஊசி வளைவு. பதிமூன்று.
ஐந்தாவதில் மூடுபனி இறங்கி
முன்னால் போன முதுகுகளை
ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டது.
பிறகு மேலே எங்கோ ஒரு ஹாரன்.
'வண்டி!' என்று முதல் ஆள் கத்த,
கல்யாணப் பந்தியில் உப்பு கேட்ட மாதிரி
அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறி
என்னிடம் வந்து சேர்ந்தது.
எல்லோரும் பாறைச் சுவரில் பல்லிகள்.
காப்பி மூட்டை ஏற்றிய லாரி
வெளிச்சத்தால் சுவரை வழித்துக்கொண்டு இறங்கியது.
பட்டைகள் பதிமூன்றும் மின்னின.
ஓரத்தில் ஒரு நிழல்
மின்னவில்லை.

பதினான்கு.

திரும்ப எண்ணினேன்.
நோட்டு குறைந்தால் கைக்காசு போட்டுச் சரிக்கட்டலாம்.
கூடினால்தான் தலைவலி.

கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட்,
பள்ளிக்கூடத்து கான்வாஸ் ஷூ.
பத்தொன்பது வயது இருக்கலாம்.
பெயர் சிலம்பரசி, அடிவாரத்தில் வீடு.
'போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகறேங்க்கா.
தனியா ஓடுனா பைக்ல பின்னாடியே வர்றானுங்க.
அதான் உங்க வெளிச்சத்துக்குப் பின்னால வந்துட்டேன்.
மூணு வாரமா.'

மூன்று வாரமா.
என் கணக்கில் அந்த மூன்று ஞாயிறும் பதிமூன்று.
எனக்குப் பின்னால் யாருமில்லை என்று
நானே சொல்லி, நானே நம்பி
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
அவளுக்குக் கேட்டிருக்கும் என் மூச்சு.
எனக்கு எப்படிக் கேட்காமல் போனது அவளுடையது?
இரண்டு காதும் திறந்துதான் இருந்தன.

சிவப்பு விளக்கைக் கழற்றி நீட்டினேன்.
வாங்கவில்லை.
'கடைசியில ஓடுறவங்களுக்குத் தானக்கா அது வேணும்?'
நியாயம்தான்.
மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டேன்,
தோளில் தொளதொளத்தது.
அவளைச் சுவர்ப்பக்கம் விட்டு
ரோட்டுப்பக்கம் நான்.
இரண்டு பேர். விதிப்படி சரி.

ஏழாவது வளைவுக்கு மேலிருந்து
மாதேஷ் குரல் கொடுத்தார்:
'கணக்கு சரியா?'

சொல்வதற்கு முன் பின்னால் பார்த்தேன்.
பனிதான், வேறொன்றுமில்லை.
இன்னொரு தடவையும் பார்த்தேன்.