கால் ஆணி

பூன் லே மருந்துக்கடையில்
கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி
பெட்டி ஆறு வெள்ளி நாற்பது காசு.
பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.
மூக்குக்கண்ணாடி காவலறை மேசையில் கிடந்தது.
கொஞ்சம் வாசித்துச் சொல்லம்மா என்றேன்
கல்லாவில் நின்ற ஷி தின்னிடம்.
"நீரிழிவு உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது."
நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா?"
வீட்டுக்காரருக்கு, என்றேன்.
அவர் போய் ஒன்பது வருஷம்.
அவருக்கு இருந்தது இரத்தக் கொதிப்பு மட்டும்.

பெட்டியைத் திரும்ப வைக்கும்போது
நேராக அடுக்கி வைத்தேன்.
உத்தியோகப் பழக்கம்.

அடுக்குமாடி வாயிலில்
பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன்.
அத்துமீறி நுழையாதீர்
என்று நாலு மொழியில் பலகை இருக்கிறது.
யாரும் படிப்பதில்லை.
ஆகவே நான்.

போன மாதம் கடைத்தொகுதிக் கீழ்த்தளத்தில்
கால் பிடித்துவிடும் இயந்திரம்,
ஐந்து நிமிடம் இலவசம்.
ஒரு காலை உள்ளே விட்டு
அது சூடாகத் தொடங்கிய பிறகுதான்
விற்பனைப் பையனுக்கு ஞாபகம் வந்தது.
"ஆன்ட்டி, சர்க்கரை இருக்கா?"
கடன் கேட்கும் அண்டை வீட்டுக்காரி மாதிரி.
இருக்கு தம்பி.
காலை எடுத்துவிடுங்கள் என்றான்.
மற்றக் கால் இன்னும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

மீன் கடிக்கும் தொட்டிக்கும் அதே விதியாம்.
யார் போய்ச் சொன்னார்களோ
அந்த மீன்களிடம்.

பானம் விற்கும் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும்
பரீட்சை மதிப்பெண் போல ஏ, பி, சி, டி.
பள்ளியில் நான் வாங்கியதெல்லாம்
அந்தக் கடைசி எழுத்துதான்.
இப்போது காசு கொடுத்தும் வாங்கக் கூடாது.
கோப்பி ஓ கோசோங், என்கிறேன் கடையில்.
கோசோங் என்றால் ஒன்றுமில்லை.
இருமல் மருந்திலும் சர்க்கரை இல்லாத புட்டி ஒன்று உண்டு.
இல்லாததற்கு இரண்டு வெள்ளி கூடுதல்.

எட்டு வாரம் காத்திருந்து
பலதுறை மருந்தகத்தில் என் எண் வந்தது.
பாத வைத்தியர் ஹுஸைரி,
என் கடைக்குட்டி வயதிருக்கும்.
என் இடது காலைத் தன் மடியில் வைத்தான்.
கூச்சமாக இருந்தது,
குதிகால் வெடிப்பை நினைத்து.
"கண்ணை மூடுங்கள். தொட்டால் சொல்லுங்கள்."

ம்.
ம்.
கொஞ்சம் கழித்து, ம்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
தொலைபேசி வந்து போய்விட்டானோ என்று
ஒரு கண்ணைத் திறந்தேன்.
தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழை
பெருவிரல் அடியில்
வளைந்து நின்றுகொண்டிருந்தது.
எவ்வளவு நேரமாகவோ.

சட்டென்று கண்ணை மூடி
ம் என்றேன்.
அவன் எழுதிக்கொண்ட சத்தம் கேட்டது.
எதை எழுதினானோ.

கடைசியாக ஆணியை அழுத்தினான்.
ஐயோ!
பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.
"வலிக்கிறதா? நல்லது," என்றான் ஆங்கிலத்தில்.
நல்லதாம்.
இரண்டு வருஷமாகத் திட்டித் தீர்த்த ஆணி,
அந்தக் காலில் இன்னும் வாய் திறந்து
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கத்தியை எடுத்தான்.
மெழுகுச் சீவல் போல விழுந்தது, வெள்ளையாக.
கொஞ்சம் விட்டு வை தம்பி என்றேன்.
தமிழில் சொல்லிவிட்டேன்.
சிரித்துத் தலையாட்டி
முழுதும் சீவி எடுத்தான்.

இப்போது நிற்கச் சுகமாகத்தான் இருக்கிறது.
அதனாலேயே
மணிக்கொரு தரம் காவலறைக்குள் போய்
பூட்ஸைக் கழற்றி உதறுகிறேன்,
உள்ளங்காலுக்குக் கீழே
பொட்டுக் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறேன்.
இரவு முறை சந்தானசாமி சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
மணி மூன்று. பின்வாசல் பூட்டு, சரி.
நீச்சல்குள விளக்கு, சரி.
பேனாவை மூடிவிட்டு
எழுதாத வரியை வாய்க்குள் சொல்கிறேன்:
இடது கால், பார்த்தாயிற்று.