தலை எண்ணுதல்

பெரியார் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில்
ஆறரை மணிக்கு வேன் ஏறும்போது
பதினொரு தலை.
விரல் நீட்டாமல் கண்ணால் எண்ணப் பழகியிருக்கிறேன்.
நீட்டி எண்ணினால் ஆட்டுச்சந்தை போலிருக்கிறதென்று
பெங்களூர் அம்மாள் ஒருத்தி
புகார் எழுதிவிட்டுப் போனாள்.

ஒரு நாள். கிராமியம். மதிய உணவு உட்பட.
நாகமலை கண்ணில் படும்வரை நான் பேசுவதில்லை,
தூங்கட்டும்.
பட்டதும் மைக்கை இரண்டு தட்டு:
"வலது பக்கம் பாருங்கள், படுத்திருக்கும் பாம்பு."
பார்ப்பார்கள்.
ஒன்பது வருடமாக அது படுத்தே இருக்கிறது.

கடைசி இருக்கையில் ஒரு வியட்நாம்காரி,
பெயர் ஹான், தனியாக வந்திருந்தாள்.
எல்லாரும் மலையைப் பார்க்க
அவள் என்னைப் பார்த்தாள்.
எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறேன்,
எந்தச் சிரிப்புக்கு முன்னால் மைக்கை இறக்குகிறேன்,
எதையும் விடவில்லை.

சோழவந்தான் கொடிக்காலில்
அகத்தி நிழல் பச்சையாய் ஒழுகியது.
ஒச்சப்பன் வெற்றிலை கிள்ளி நீட்ட
எல்லாரும் படம் எடுத்தார்கள்.
அவள் வாங்கி, சுண்ணாம்பு கேட்டாள்.
அவள் ஊரில் கல்யாணப் பேச்சுக்கு
முதலில் போவது இதுதானாம்,
இரண்டு கையையும் கோத்துக் காட்டினாள்.
"இங்கயும் அதேதான்" என்றார் ஒச்சப்பன்
நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே.

தென்கரைப் பக்கம் ஆனி நடவு.
நாலு நிமிடம் நிறுத்துவேன், வரப்போடு சரி.
அவள் செருப்பைக் கழற்றினாள்.
நான் "மேடம்" என்பதற்குள்
சேறு முழங்காலுக்கு வந்திருந்தது.
ஒரு முடி நாற்றைப் பிரித்து
நாலைந்து குத்து வைத்தாள்.
வைத்த வேகத்தில் தெரிந்தது
இது படத்துக்கு இல்லை என்று.
பேச்சியக்கா நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து,
"எந்தூரு தாயி? அங்க கூலி எம்புட்டு?"
ஊரை மட்டும் கேட்டுச் சொன்னேன்.
"அவர் இரண்டு கேட்டார்" என்றாள் ஹான்,
"நீங்கள் ஒன்றைத்தான் சொன்னீர்கள்."

குட்லாடம்பட்டியில் அன்றைக்கு அருவி இல்லை.
இல்லாத நாளில் கையால் காட்டுவேன்:
இங்கிருந்து விழும், இதோ இதுவரை தெறிக்கும்.
பாறையில் பழைய தண்ணீரின் வெள்ளைக் கோடு.
பணம் திரும்புமா என்றார் ஒருவர்.
ஏற்றுவதற்காக எண்ணினேன், பதினொன்று.
"பன்னிரண்டு."
உதட்டை அசைக்காமல்
அவளும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்,
காலையிலிருந்து.

நிங் பிங்கில் அவளுக்கும் இதே வேலை.
பாறைக்குன்றுக்கு நடுவே வயல்,
வயலுக்கு நடுவே ஆறு,
ஒரு நாள், மதிய உணவு உட்பட.
அங்கேயும் ஒரு மலை படுத்திருக்கிறதாம், டிராகன்.
வேறொருத்தர் சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது,
லீவு போட்டு வந்துவிட்டாளாம்.

பன்னிரண்டு எப்படி?
முகவாயால் காட்டினாள்.
புளிய மரத்தடியில், வேன் படிக்கட்டில்,
துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு
சோணைமுத்து.

ஏற்றி இறக்கிய ஆயிரம் தலையில்
அவனை நான் எண்ணியதே இல்லை.
எண்ணுவானேன்?
அவன் தொலைந்தால் எல்லாரும் அல்லவா தொலைந்தோம்.

வாடிப்பட்டி மெஸ்ஸில் அவனுக்கும் இலை போடச் சொன்னேன்.
வந்தான். தம்ளரை அங்கே இங்கே நகர்த்தினான்.
ரசத்துக்கு முன்னால் எழுந்துவிட்டான்,
"வண்டி வெயில்ல நிக்குதுண்ணே."

சாயங்காலம் ரயில் நிலைய வாசல்.
ஐம்பது, நூறு என்று கையில் திணித்தார்கள்.
ஹான் பையைத் திறந்தாள்,
என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள்.
ஒரே தொழில்காரனுக்கு எப்படிக் கொடுப்பது?
போகிற போக்கில் சொன்னாள்:
"பாம்பு என்று சொல்லும்போது
நீங்கள் மலையைப் பார்ப்பதே இல்லை."

மறுநாள் ஜெய்ப்பூர்க் குடும்பம், பதினான்கு பேர்.
மைக்கை இரண்டு தட்டு.
வலது பக்கம் பாருங்கள் என்றேன்.
பார்த்தேன்.
முதுகில், நடுவாக்கில்,
வெள்ளையாய் ஒரு வெட்டுத் தழும்பு.
இது எப்படா வந்தது என்றேன் மைக்கை மூடி.
"அது ஆச்சுண்ணே, ஆறு வருசம்" என்றான் சோணைமுத்து
கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.