கரி

பிரிட்டானியில் மழைக்கு விடுமுறை கிடையாது.
ரிவாலின் கொட்டகைக்கு அடியில்
ஆயிரத்து இருநூறு பன்றிகளின் நேற்றும் இன்றும்
குழம்பாக ஏறி நிற்கிறது,
தொட்டி விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே.
பிப்ரவரி வரை வயலில் ஊற்றக் கூடாது, சட்டம்.
ஊற்றாமல் வைத்திருக்க இடமில்லை,
அது சட்டத்தில் இல்லை.

இத்தனை காலம் ஊற்றியது எங்கே போயிற்று என்று
கோடையில் விரிகுடாவைக் கேட்டால் சொல்லும்.
முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பாசி.
அழுகிய முட்டை வாடை.
சிப்பிப் பைகளைத் தூக்கித் தூக்கி உதறும் அசெனோர்
ரொட்டிக் கடையில் ரிவாலைக் கண்டால்
மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியேறுவாள்.
ஒன்பது வருடமாக.

உலையைச் செய்தவள் நோல்வென்.
பிரெஸ்ட் துறைமுகத்தில்
கப்பல்களின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து
பற்றவைப்பு வேலை பார்த்தவள்.
முதலில் திருகி நெரித்து நீர் வேறு சக்கை வேறு.
சக்கையை உலர்த்தி, காற்றுப் புகாத குழாய்க்குள் தள்ளி
ஐந்நூற்றைம்பது டிகிரி.
"எரிப்பதல்ல இது" என்பாள்,
"எரிய விடாமல் சுடுவது."
கிளம்பும் வாயுவைப் பிடித்து
அடுத்த சக்கையை உலர்த்த அனுப்புவாள்.
அந்த வளைவுக் குழாய் மட்டும்
மூன்று முறை வெடித்தது.

பத்து வண்டி போனது, நாலு வண்டி வந்தது.
கறுப்பு. இடித்த மிளகு போல.
ரிவால் ஒரு பிடி அள்ளி முகர்ந்தான்.
ஒன்றுமில்லை.
சட்டையில், காரில், மகளின் பள்ளிப் பையில்
இருபத்தாறு வருடம் குடியிருந்த வாடை
அது புறப்பட்ட இடத்திலேயே இல்லை.
மறுபடி முகர்ந்தான்.
மூக்கு நுனி கறுத்தது தெரியாமல்
ஊராட்சிக் கூட்டத்துக்குப் போய்
முன்வரிசையில் உட்கார்ந்தான்.

ஆய்வகத்துத் தாள் செவ்வாயன்று வந்தது.
பாஸ்பரஸ், தாராளம்.
பொட்டாசியம், நன்று.
நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போயிற்று, போகட்டும்.
தாமிரம், வரம்புக்கு மேல்.
துத்தநாகம், வரம்புக்கு வெகு மேல்.
கீழே ஒரு முத்திரை:
பயிருக்கு உதவாது.

கரி என்றால்
என் மொழியில் சாட்சி என்றும் பொருள்.
பழைய பொருள், இன்று எந்த நீதிமன்றத்திலும் புழங்காதது.
இந்த மேசைக்கு அது சரியாக இருந்தது.
நாற்றத்தைத் தின்றது தீ,
புழு முட்டையைத் தின்றது, கிருமியைத் தின்றது.
உலோகத்தில் வாய் வைக்கவில்லை.
பத்து வண்டியில் கலைந்து கிடந்ததை
நாலு வண்டிக்குள் திரட்டி
முன்னால் வைத்தது.

குட்டிகளுக்கு வயிறு போகக் கூடாதென்று
தீவனத்தில் தூவிய வெள்ளைப் பொடி, நீலப் பொடி.
ரிவால் மறுக்கவில்லை.
"மூட்டையில் அளவு போட்டிருந்தது" என்றான்.
நோல்வென் கையுறையைக் கழற்றும் வரை பேசாமலிருந்து,
"அதற்கு மேல் ஒரு கைப்பிடி" என்றான்.

பொடியை நிறுத்திய இலையுதிர் காலத்தில்
முப்பத்தொரு குட்டிகள் செத்தன.
எண்ணிச் சுவரில் கோடு போட்டவன் அவனே.
பால் மறக்கடிப்பதை ஒரு வாரம் தள்ளினான்,
வைக்கோலைக் கூட்டினான்,
வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கவில்லை.
முப்பத்திரண்டாவது கோடு
இதுவரை விழவில்லை.

இரண்டாம் தாளில் முத்திரை இல்லை.

ஜனவரியில்,
விரிகுடாவைப் பார்த்த சரிவில்,
காலிஃபிளவர் வரிசைகளுக்கு நடுவே தூவினார்கள்.
காற்று பாதியைத் திருப்பி முகத்தில் அடித்தது.
ஈரப்படுத்தித் தூவ வேண்டும் என்று
அப்போதுதான் தெரிந்தது.

மழைக்குப் பிறகு அசெனோர் மேலே ஏறி வந்தாள்.
வாய்க்கால் நீரைக் கண்ணாடிப் புட்டியில் முகந்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.
கலங்கல். வெறும் மண் கலங்கல்.
"பாசி கோடையில்தான் வரும்" என்றாள்
புட்டியைப் பார்த்தபடியே.
"கோடையில்" என்றான் ரிவால்.

மறுநாள் ரொட்டிக் கடையில்
அவன் உள்ளே வந்த பிறகும்
நின்று, ஒவ்வொரு காசாக
எண்ணி வாங்கினாள்.

முதல் நாலு வண்டிக் கரி
கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.
யாருக்கும் வேண்டாம், எங்கும் போக வழியில்லை.
திங்கள்தோறும் நோல்வென் போய்க்
கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வருகிறாள்.